பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் ட்ரௌட்டுக்கு என்ன ஃப்ளை கட்டுவது?

கேள்வி சுருக்கமாக இது: அமெரிக்காவின் டென்வருக்குக் குடிவந்த ஒருவர் போன குளிர்காலத்தில் ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி, கட்டப் பழகியிருக்கிறார். சவுத் பிளாட் ஆற்றில், டெக்கர்ஸ் பக்கமும் அதற்கு மேலே சீஸ்மன் கேன்யனிலும் போட்டுப் பார்க்கிறார். மீன் கண்ணுக்குத் தெரிகிறது, ஃப்ளையை நோக்கி எழும்புகிறது, ஒரு முழம் தூரம் கூடவே வந்து உற்றுப் பார்க்கிறது, அப்புறம் திரும்பிப் போய்விடுகிறது. எந்த பேட்டர்ன் கட்டினால் வாய் வைக்கும், இன்னும் நல்ல வைஸ் (கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் கிடுக்கி), விலை கூடிய இறகெல்லாம் வாங்க வேண்டுமா என்று கேட்டு, தான் கட்டிய ஃப்ளைகளின் படத்தையும் போட்டிருக்கிறார்.

படத்தைப் பார்த்தேன். கை நன்றாகவே படிந்திருக்கிறது, நூல் எங்கேயும் பிதுங்கவில்லை, வால் நேராக இருக்கிறது. ஆனால் எல்லாமே குண்டு. 18ஆம் நம்பர் முள்ளில் 14ஆம் நம்பர் உடம்பு (நம்பர் கூடக் கூட முள் சின்னது). பெரும்பாலானவற்றில் தங்க நிற மணி, அதற்குப் பின்னால் மினுக்கு இழை வேறு. இந்த ஆற்றில் ஃப்ளையோடு இன்னும் எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்காதீர்கள், எதை எடுக்கலாம் என்று யோசியுங்கள். மணியை எடுங்கள், மினுக்கை எடுங்கள், உடம்பின் பருமனில் பாதியை எடுங்கள். கீழே சொல்லப்போவதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

ஏன் என்று கேட்டால் ஆற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சீஸ்மன் அணை டென்வரின் குடிநீருக்காகக் கட்டப்பட்டு 1905இல் முடிந்தது. அதன் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் வருஷம் பூராவும் சில்லென்றும், பெரும்பாலான நாட்களில் அடி தெரியும் தெளிவோடும் இருக்கும். இப்படி அணைக்குக் கீழே ஓடும் ஆறுகளில் பெரிய பூச்சி குறைவு, பொடிப் பூச்சி ஏராளம். கொசு போன்ற மிட்ஜ், மேஃப்ளை என்னும் தண்ணீர்ப் பூச்சியில் பொடி வகைகளான பேட்டிஸ், ட்ரைக்கோ என்று எல்லாம் அரிசி மணி அளவுக்கும் கீழே. அதோடு பெரிய நகரம் ஒன்று ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிறது. 1976இலேயே கேன்யனில் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள், கொலராடோவிலேயே முதலில் இங்கேதான். (டூ ஃபோர்க்ஸ் என்று ஓர் அணை கட்டி இந்தப் பகுதியையே மூழ்கடிக்கத் திட்டம் இருந்தது, 1990இல் மத்தியச் சுற்றுச்சூழல் துறை அதைத் தடுத்திருக்காவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.) ஆக, நீங்கள் பார்க்கும் மீன் ஒவ்வொன்றும் பல தடவை முள் குத்தி, கையில் ஏறி, படம் எடுக்கப்பட்டுத் தண்ணீருக்குத் திரும்பிய மீன். யெல்லோஸ்டோன் ஆற்றில் 1980களில் செய்த ஓர் ஆய்வில், பிடித்து விடும் பகுதியில் இருந்த கட்த்ரோட் ட்ரௌட் ஒரே சீசனில் சராசரியாக ஒன்பது பத்துத் தடவை பிடிபட்டது தெரியவந்தது. கட்த்ரோட் கொஞ்சம் வெகுளியான மீன். பிரௌன் ட்ரௌட் அப்படி இல்லை, அது சீக்கிரம் பாடம் படித்துவிடும்.

அது என்ன பாடம் படிக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வாலில் எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்கும் மூளை ட்ரௌட்டுக்குக் கிடையாது. முள் குத்திய சமயத்தில் கண்ணில் பட்டதை அது ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது, நான் பார்த்தவரை அதற்கு மேல் ஒன்றும் இல்லை. குத்திய ஃப்ளைகளில் பாதிக்கு மேல் கடையில் விற்பவை, கடையில் விற்பவை மனிதர் கண்ணைப் பிடிப்பதற்காகக் கட்டப்படுபவை: பளிச்சென்ற மணி, கொழுத்த கழுத்து, மினுமினுக்கும் முதுகு. அதனால் டெக்கர்ஸில் மீனைவிட முதலில் ஆட்களைப் பாருங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் நாலு பேரிடம் என்ன போடுகிறீர்கள் என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். அதே பூச்சியைத்தான் நீங்களும் கட்ட வேண்டும், ஆனால் அவர்களுடையதைவிட ஒரு நம்பர் சின்னதாக, மினுக்கு இல்லாமல்.

சரி, கட்டுவதற்கு முன்னால், குற்றம் ஃப்ளையிலா வேறெதிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மீன் அசையவே இல்லை என்றால் ஃப்ளை அது நிற்கும் ஆழத்துக்குப் போகவில்லை, இல்லையென்றால் ஓட்டத்தோடு ஒத்துப் போகவில்லை. அதற்கு ஃப்ளையை மாற்றிப் பிரயோஜனமில்லை, ஈயத்தைக் கூட்டுங்கள், தக்கையை மேலே தள்ளுங்கள். மீன் விருட்டென்று ஓடிவிட்டால் அது உங்களையோ உங்கள் நிழலையோ கயிறு விழுந்ததையோ பார்த்துவிட்டது. நீங்கள் சொல்வதுபோலக் கூடவே மிதந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், அங்கேதான் ஃப்ளைக்கு வேலை. அதிலும் பாதி சமயம் காரணம் இழுவைதான்: டிப்பெட், அதாவது ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி இழை, ஒரு விரற்கடை அளவு இழுத்தாலே போதும், மேலே நிற்கும் உங்களுக்குத் தெரியாது, மூக்குக்கு முன்னால் பார்க்கும் மீனுக்குத் தெரிந்துவிடும். 6எக்ஸ் டிப்பெட் 0.005 அங்குலம், 7எக்ஸ் 0.004 அங்குலம். மீன் கண்ணுக்கு மெல்லியது தெரியாது என்பதற்காக நான் மெல்லியதைப் போடுவதில்லை. மெல்லியது வளைந்து கொடுக்கும், பொடி ஃப்ளை தன் போக்கில் மிதக்கும், அதற்காகத்தான்.

இப்போது பூச்சி. பெயின்ட் கடைகளில் பெயின்ட் வடிகட்டும் வலைப்பை விற்கிறார்கள், மலிவு. அதை மீன் அள்ளும் வலையின் வாயில் மாட்டி ஒரு நிமிஷம் ஓட்டத்தில் பிடியுங்கள், எடுத்து வெயிலில் பாருங்கள். குளிர்காலத்தில் கிடைப்பது பெரும்பாலும் மிட்ஜ் கூட்டுப்புழுதான். தடித்த கருப்புக் கழுத்து, அதற்குக் கீழே வளையம் வளையமாக மெலிந்து போகும் உடம்பு, தலைப்பக்கம் வெள்ளையாக ஒரு சின்னக் குஞ்சம். அந்தக் குஞ்சம் மூச்சு விடுவதற்கானது. முழு உயிரும் நகத்தின் வெள்ளைப் பிறைக்குள் அடங்கிவிடும். இதைக் கையில் வைத்துப் பக்கத்தில் உங்கள் ஃப்ளையையும் வைத்துப் பார்த்தால் நான் குண்டு என்று ஏன் சொல்கிறேன் என்பது விளங்கிவிடும்.

மெலிவு நூலிலிருந்து ஆரம்பிக்கிறது. படத்தில் இருப்பது 6/0 நூல் போலத் தெரிகிறது. பொடி ஃப்ளைக்கு அது கயிறு. 70 டெனியர், இல்லையென்றால் 14/0, 16/0 என்று வரும் மெல்லிய நூலை வாங்குங்கள். வலது கைக்காரராக இருந்தால் பாபினை (நூல்கண்டு மாட்டிய பிடியை) மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்றி விடுங்கள், முறுக்கு அவிழ்ந்து நூல் பட்டையாகிவிடும். பட்டை நூலால் சுற்றினால் உடம்பு தடிக்காது, மழமழவென்று படியும். வளையம் தெரிய வேண்டிய இடத்தில் மறுபடி கடிகாரத் திசையில் முறுக்கிக்கொள்ளலாம். மிட்ஜுக்குப் பத்து நிறத்தில் நூல் வாங்கத் தேவையில்லை, வெள்ளை நூல் ஒன்று, அழியாத மார்க்கர் பேனா நாலைந்து, போதும். ஆற்றங்கரையில் நின்றபடியே ஃப்ளையின் நிறத்தை மாற்றவும் அந்தப் பேனா உதவும்.

முள்ளைப் பற்றி. 22, 24 என்று போகும்போது உடம்பு முள்ளின் வாயை அடைத்துவிடும், மீன் கடித்தாலும் குத்தாது. இதற்கு இரண்டு வழி. டிஎம்சி 2488 மாதிரி வாய் அகன்ற, வளைந்த முள்ளை எடுத்துக்கொள்வது ஒன்று. இன்னொன்று எனக்குப் பிடித்தது: 20ஆம் நம்பர் முள்ளின் முன்பாதியில் மட்டும் 24 அளவு ஃப்ளையைக் கட்டுவது. பின்பாதி வெறும் கம்பியாகவே நிற்கும். பார்க்க அரைகுறையாக இருக்கும், கடையில் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். மீனுக்கு அந்த வெறும் கம்பி உறுத்துவதாகத் தெரியவில்லை, மாட்டினால் பிடி கெட்டியாக இருக்கும். முள்ளின் பின்பல்லை வைஸில் மாட்டும்போதே நசுக்கிவிடுங்கள், கட்டி முடித்த பிறகு நசுக்கினால் சில சமயம் முள்ளே முறியும், பட்ட பாடு வீணாகும்.

ஒரே ஒரு பேட்டர்ன் சொல் என்றால் ஆர்எஸ்2. இந்த ஆற்றுக்காகவே பிறந்த ஃப்ளை என்று சொல்லலாம். 1970களில் டென்வர்க்காரரான ரிம் சுங் உருவாக்கியது. பெயரின் விரிவு ‘ரிம்ஸ் செம்ப்ளன்ஸ் 2’. பேட்டிஸ் நிம்ஃப், அதாவது தண்ணீருக்குள் வளரும் இளம்பூச்சி, தண்ணீரின் மேல்தோலுக்கு வந்து தோலுரிக்கும் அந்தச் சில நொடியைப் பிடிப்பது அது. அந்த நொடியில் பூச்சியால் நீந்தவும் முடியாது, பறக்கவும் முடியாது. பழம் தின்று கொட்டை போட்ட ட்ரௌட்டுக்கு அது தெரியும், அதனால்தான் இறக்கை விரித்து மேலே உட்கார்ந்திருக்கும் பூச்சியை விட்டுவிட்டு இதை எடுக்கிறது.

கட்டுவது எளிது, மெலிதாகக் கட்டுவதுதான் கஷ்டம். 20 அல்லது 22 முள், சாம்பல் நூல். வாலுக்கு மைக்ரோஃபிபெட் என்ற செயற்கை இழை இரண்டே இரண்டு, உடம்பின் நீளத்துக்கு. இழைகளைக் கட்டுவதற்கு முன்னால் வளைவின் தொடக்கத்தில் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கடுகை விடச் சின்னதாக ஒரு முடிச்சு போலத் தூக்கிவிடுங்கள், இழைகள் அதில் முட்டித் தானாகவே இரண்டாகப் பிரிந்து நிற்கும். உடம்புக்கு பீவர் ரோமம், இயற்கையான சாம்பல். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவது. கிள்ளி எடுத்த ரோமத்தில் பாதியைக் கீழே போடுங்கள், மிச்சத்தில் இன்னும் பாதியைப் போடுங்கள், இருப்பதை நூலில் தேயுங்கள்: கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் ஆவி மாதிரி, நூலின் நிறம் மட்டும் மாறியிருக்க வேண்டும். கழுத்துக்கு வரும்போது சற்றே கூட்டலாம். இறக்கைக்குச் சுங் பயன்படுத்தியது சேவல் இறகின் அடிப்பக்கத்தில் இருக்கும் பஞ்சு போன்ற பகுதி. இன்று பலரும் வெள்ளை மினுக்கு இழை வைக்கிறார்கள், மீன் குறைவாகக் குத்துப்பட்ட ஆற்றில் அது நன்றாக வேலை செய்யும். இங்கே பழைய முறையே மேல், இல்லையென்றால் சிடிசி இறகு (வாத்தின் வால்பக்கத்துப் பஞ்சிறகு) ஒரு சின்னக் குஞ்சம். உடம்பின் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு வெட்டி விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தலைக்கு நூல் மூன்று சுற்று, விப் ஃபினிஷ் முடிச்சு, முடிந்தது. முள்ளின் காது திறந்திருக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு துண்டு டிப்பெட்டை நுழைத்துப் பாருங்கள். ஜனவரிக் காலையில் விறைத்த விரலோடு பசை அடைத்த காதில் 6எக்ஸ் கோப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

அடுத்து மிட்ஜ். பாட் டார்ஸியின் பிளாக் பியூட்டி, அதுவும் இதே ஆற்றுச் சரக்கு: கருப்பு நூல் உடம்பு, மெல்லிய செப்புக் கம்பி நாலைந்து சுற்று, கழுத்துக்குத் துளி கருப்பு ரோமம். உலோக மணிக்குப் பதில் வெள்ளி பூசிய கண்ணாடி மணி வைத்து ‘மெர்க்குரி’ என்று ஒரு வகையும் உண்டு. பித்தளை மணி அடிக்கும் பளபளப்பு அதில் இல்லை, கூட்டுப்புழு மேலே வரும்போது தோலுக்குள் சேரும் காற்றைப்போல் மங்கலாக மின்னும். மணி வேண்டும் என்று கை பரபரத்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடைதான் பிரச்சினை என்றால் ஈயத்தை டிப்பெட்டில் வையுங்கள், ஃப்ளையில் வேண்டாம்.

ஃப்ராங்க் சாயர் என்று இங்கிலாந்தில் ஏவன் ஆற்றுக் காவலர் ஒருவர் இருந்தார், ஃபெசன்ட் பறவையின் வால் இறகில் அவர் கட்டிய ஃபெசன்ட் டெயில் நிம்ஃபில் நூலே கிடையாது, செப்புக் கம்பியே நூல், அதுவே எடை. கால்கூட வைக்கவில்லை. நிம்ஃப் நீந்தும்போது காலை ஒட்டி வைத்துக்கொள்ளும் என்று பார்த்தவர் அவர். இன்று கடையில் அதே பெயரில் மணியும் மினுக்கும் முதுகில் பசைப் பூச்சும் வைத்து விற்பதை வாங்குவதைவிட, அவர் கட்டியபடி கட்டிப் பாருங்கள்.

மேலே மிதக்கும் ஃப்ளைக்கு வருவோம், மீன் எழும்புகிறது என்றுதானே கேட்டீர்கள். அது எழும்பிய இடத்தில் குமிழி மிஞ்சுகிறதா என்று பாருங்கள். குமிழி இருந்தால் மேற்பரப்பில் இருந்ததைக் காற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. முதுகும் வாலும் மட்டும் தெரிந்து குமிழியே இல்லையென்றால் மேல்தோலுக்குக் கீழே ஒரு விரல் ஆழத்தில் எடுக்கிறது, அங்கே பாராசூட் ஆடம்ஸ் மாதிரி மேலே மிதக்கும் ஃப்ளையைப் போட்டால் பார்த்துவிட்டுத்தான் போகும். அதற்கு ஆர்எஸ்2வையே எடை இல்லாமல் விடலாம்.

குமிழி இருந்தால் ஸ்பார்க்கிள் டன் என்ற ஃப்ளை. கிரெய்க் மேத்யூஸும் ஜான் ஜுராசெக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் கொண்டு வந்தது. மான் முடியில் அரைவட்டமாக விரித்த இறக்கை, கழுத்தில் சுற்றும் சேவல் இறகு கிடையாது, வாலுக்குப் பதில் பழுப்பு இழையில் உரிந்து தொங்கும் தோல். சுற்று இறகு இல்லாததால் உடம்பு தண்ணீரிலேயே பதிந்து கிடக்கும், பாதி உரித்த தோலில் மாட்டிக்கொண்ட பூச்சியாகத் தெரியும். மான் முடியைத் தேவைக்கு மேல் எடுத்தால் கழுத்து உருண்டுவிடும். 20ஆம் நம்பருக்கு நாற்பது முடிகூட அதிகம் என்பேன். மிட்ஜ் கூட்டமாக ஒட்டிக்கொண்டு மிதக்கும் நாளில் கிரிஃபித்ஸ் நாட், மயில் இறகின் இழையும் அதன் மேல் வரிச் சேவல் இறகும் மட்டும், அடிப்பக்கம் கத்தரித்துவிட்டால் தாழ்வாக உட்காரும். ஆகஸ்ட், செப்டம்பர் காலைகளில் ட்ரைக்கோ. செத்து விழும் பூச்சி இறக்கையை இரண்டு பக்கமும் விரித்துப் படுத்திருக்கும், கருப்பு நூலில் 24, இறக்கைக்கு நாலு இழை, அவ்வளவுதான், அதைப்பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். சிடிசி வைத்த எதற்கும் ஜெல் மிதப்பு மருந்து தடவாதீர்கள், இழை ஒட்டிக்கொண்டு செத்துவிடும். பொடி மருந்துதான்.

நம்மூர்ச் சம்பந்தம் உள்ள ஒன்று: பென்சில்வேனியாவின் லெட்டார்ட் ஓடையில் இதேபோல் படித்துத் தேறிய பிரௌன் ட்ரௌட்டுக்காக வின்ஸ் மாரினாரோ கட்டிய ஜாஸிட். புல்லிலிருந்து விழும் தத்துப்பூச்சி அளவு ஃப்ளை, உடம்பைச் சுற்றிய சேவல் இறகுக்கு மேலே தட்டையாக ஒரே ஒரு இறகு. அந்த மேல் இறகு சாம்பல் காட்டுக்கோழியுடையது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவும் அதே பறவை. சேவலின் கழுத்து இறகு நுனியில் அரக்குப் பூசியதுபோல் ஒரு திட்டு இருக்கிறதே, அதுதான். காட்டுப் பறவையின் இறகு அங்கிருந்து வெளியே வரத் தடை, இங்கே பண்ணையில் வளர்த்ததுதான் கிடைக்கும், விலையைக் கேட்டால் கை தானாகப் பின்வாங்கும். கீழிருந்து பார்க்கும் மீனுக்குத் தெரிவது ஒளியை மறைக்கும் ஒரு நீள்வட்டம் மட்டுமே. கருப்பு ஃபோம் துண்டு ஒன்றை வெட்டிய நகத்துண்டு அளவுக்கு வெட்டிக் கட்டினாலும் அது கிடைத்துவிடும். காற்றடிக்கும் கோடை மதியத்தில், ஹாட்ச் (பூச்சிகள் கூட்டமாகத் தண்ணீரிலிருந்து வெளிவருவது) எதுவும் இல்லாதபோது, கரையோரம் நிற்கும் மீனுக்கு எறும்போ இதுவோ போடுங்கள். எல்லோரும் மிட்ஜையே போட்டுக்கொண்டிருக்கும் ஆற்றில் இது மீனுக்குப் பழக்கமில்லாத உருவம், யோசிக்காமல் எடுக்கும்.

மாற்றும்போது வரிசை முக்கியம். மீன் பார்த்துவிட்டுத் திரும்பினால் முதலில் அதே ஃப்ளையில் ஒரு நம்பர் சின்னது. அப்புறம் பூச்சியின் அடுத்த பருவம், அதாவது மிதப்பதற்குப் பதில் தோலுரிப்பது, அதற்குப் பதில் நிம்ஃப். நிறத்தைக் கடைசியில் தொடுங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்வார்கள், பெட்டியில் இருக்கும் எல்லா நிறத்தையும் ஒரே மீனுக்குக் காட்டுவார்கள், அதற்குள் அது பத்து வீச்சு பார்த்துவிடும். திரும்பிய மீனுக்கு ஐந்து நிமிஷமாவது ஓய்வு கொடுங்கள். அது மறுபடி சாப்பிட ஆரம்பித்த பிறகு போடுங்கள். தண்ணீர் கலங்கிய நாட்களில் மட்டும் நான் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டுப் பெரிதாக, பளிச்சென்று போடலாம். 2002 ஹேமன் காட்டுத்தீக்குப் பிறகு கருகிய சரிவுகளிலிருந்து மணல் ஆற்றில் இறங்கியது, இன்றும் பலத்த மழைக்குப் பிறகு டெக்கர்ஸில் நிறம் மாறும். அந்தச் சமயம் சிவப்புப் புழு மாதிரிக் கட்டிய ஃப்ளைக்கும் மீன் வரும்.

வைஸ் கேட்டிருந்தீர்கள். 24ஆம் நம்பர் முள் வழுக்காமல் பிடித்தால் இருப்பதே போதும், வழுக்கினால் தாடையை மட்டும் மெல்லியதாக மாற்ற முடிகிறதா பாருங்கள். முழுச் சேவல் கழுத்துத் தோல் இப்போது வேண்டாம், மேலே சொன்னவற்றில் கிரிஃபித்ஸ் நாட்டுக்கும் ஜாஸிட்டுக்கும் ஆர்எஸ்2 இறக்கைக்கும் தவிர வேறெதற்கும் அது தேவைப்படாது, அதற்குப் பாதித் தோல் அல்லது நூறு இறகுப் பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காசுக்கு நல்ல விளக்கும், ஒட்டிப் பார்க்க ஒரு பெரிதாக்கும் கண்ணாடியும் வாங்குங்கள். மீன் மாட்டினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், தூண்டில் கம்பை மெல்லத் தூக்கினாலே 22ஆம் நம்பர் முள் ஏறிவிடும். இழுத்தால் 7எக்ஸ் அறுந்து, கட்டிய ஃப்ளை அதன் தாடையோடு போகும். இந்த வாரம் ஆர்எஸ்2 ஒரு டஜன் கட்டுங்கள். முதல் மூன்றைப் பிரித்து முள்ளை மறுபடி பயன்படுத்துங்கள், மீதியைப் படம் எடுத்துப் போடுங்கள், பருமனைப் பார்த்துச் சொல்கிறேன்.